தண்ணீரை நிறுத்து, முதலில் வேரைப் பார்

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. அம்மா காய்ச்சல் விட்டு எழுந்து நடமாடுகிறார் என்று படித்த பிறகுதான் எனக்கு நிம்மதி. ஆனால் உன் மான்ஸ்டெரா அழகுச்செடி தொங்கிப்போய்விட்டது, தினமும் இரண்டு வேளை ஊற்றியும் தேறவில்லை என்று கடைசியில் எழுதியிருந்தாயே, அதற்காகத்தான் உடனே எழுதுகிறேன். தண்ணீரை நிறுத்து.

போன வருடம் நானும் இதையேதான் செய்தேன். இலை வாடினால் தாகம் என்றுதானே நமக்குத் தோன்றும்? மண் சொதசொதவென்று இருந்தும் ஊற்றிக்கொண்டே இருந்தேன். மண்ணில் காற்று இருக்க வேண்டிய இடத்தைத் தண்ணீர் அடைத்துக்கொண்டால் வேருக்கு மூச்சு முட்டிவிடும். செத்த வேர் நீரை உறிஞ்சாது, அதனால் ஈரத்திலேயே நின்றாலும் செடி வாடும். அந்தச் சகதியில் பித்தியம், பைட்டோப்தோரா மாதிரிக் கிருமிகள் வேறு சேர்ந்துகொள்ளும். அவற்றின் வித்துகள் தண்ணீரில் நீந்தக்கூடியவை. 1845இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பயிரை அழித்ததும் ஒரு வகைப் பைட்டோப்தோராதான்.

இன்றைக்கே செடியைத் தொட்டியிலிருந்து எடுத்து, வேரை ஓடும் நீரில் அலசு. அழுகல் நாற்றம் அடிக்கும், பரவாயில்லை. ஒவ்வொரு வேரையும் இரண்டு விரலால் பிடித்து மெல்ல இழுத்துப் பார். நல்ல வேர் கெட்டியாக, வெளுப்பாக இருக்கும். அழுகியதென்றால் பழுப்புத் தோல் உறை மாதிரி உருவிக்கொண்டு கையோடு வந்துவிடும், நடுவில் நூல் மட்டும் மிஞ்சும். எனக்கு அப்படி ஒரு கைப்பிடி நூல்தான் மிஞ்சியது. அன்றைக்கு ரொம்ப நேரம் அதைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

கத்தரிக்கோலை ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு, அழுகியதை நல்ல பகுதி தெரியும்வரை வெட்டு. மனசு கேட்காமல் கொஞ்சம் விட்டுவைத்தால் மறுபடி அங்கிருந்தே ஆரம்பிக்கும். பழைய மண் வேண்டாம். தேங்காய் நார்த்தூளோடு பெர்லைட் என்ற லேசான வெள்ளைக் கல்மணிகளும் மரப்பட்டைத் துண்டுகளும் தாராளமாகக் கலந்துகொள். மிஞ்சிய வேருக்கு ஏற்ற சின்னத் தொட்டி போதும். பெரியதில் வைத்தால் வேர் குடிக்காத ஈரம் அப்படியே நிற்கும். அடியில் துளை கட்டாயம். கூழாங்கல் பரப்புவதில் பிரயோஜனமில்லை, ஈரம் கல்லுக்கு மேலே மண்ணிலேயே தங்கிவிடும்.

அப்புறம் நல்ல வெளிச்சத்தில், நேர் வெயில் படாமல் வை. மேல்மண் இரண்டு விரற்கடை காய்ந்த பிறகே தண்ணீர். புது இலை வரும்வரை உரம் போடாதே.

இதில் கஷ்டமானது காத்திருப்பதுதான். எனக்கு ஏழு வாரம் ஒன்றுமே தெரியவில்லை. இன்னும் ஓர் இலை மஞ்சளாகி விழுந்தபோது போய்விட்டது என்றே நினைத்தேன். ஆனால் வேர் பிடித்தபிறகுதானே குருத்து வரும்! எட்டாவது வாரம் காம்பின் மடிப்பிலிருந்து ஊசிபோலச் சுருண்ட ஒரு பச்சை எட்டிப் பார்த்தது. வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

தண்டு கெட்டியாக இருந்தால், கணுவோடு ஒரு துண்டு வெட்டித் தண்ணீரில் போட்டுவை. நானும் என் செடியிலிருந்து ஒன்று வெட்டிக் கண்ணாடிக் குடுவையில் வைத்திருக்கிறேன், நேற்று வெள்ளையாய் ஒரு வேர்நுனி தெரிந்தது. எட்டு வருடத்துக்கு முன் நீ உன் செடியிலிருந்து வெட்டிக் கொடுத்ததன் பிள்ளைதானே. உன்னுடையது தேறினாலும் தேறாவிட்டாலும், அடுத்த தடவை வரும்போது கொண்டுவருகிறேன்.

அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல். வேரைப் பார்த்துவிட்டு எப்படி இருக்கிறதென்று எழுது.

அன்புடன்,
உன் நண்பன்