வெல்லாத மேஜர்களையும் எண்ணிப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் ஞாயிறு இதழின் விளையாட்டுப் பக்கத்தில் இளம் கோல்ப் சம்பியன் ஒருவரை ‘அடுத்த டைகர் வூட்ஸ்’ என்று எழுதியிருந்தீர்கள். அதற்குக் காட்டிய ஆதாரம் இரண்டுதான்: அவருடைய வயது, அவர் வென்ற கிண்ணங்களின் எண்ணிக்கை. இந்த இரண்டையும் மட்டும் வைத்து ஒருவர் எக்காலத்துக்கும் உரிய வீரராக வருவாரா என்று சொல்ல முடியாது. ஏன் என்பதை விளக்கவே இக்கடிதம்.

அமெரிக்க வீரர் ஜெக் நிக்லஸ் 1962இல் அமெரிக்க பகிரங்கப் போட்டியையும், 1963இல் மாஸ்டர்ஸ், பீ.ஜி.ஏ. சம்பியன்ஷிப் இரண்டையும் வென்றார். ஆண்கள் கோல்பில் ஆண்டுதோறும் நடக்கும் நான்கு பெரும் போட்டிகளை (மாஸ்டர்ஸ், பீ.ஜி.ஏ., அமெரிக்க பகிரங்கம், பிரித்தானிய பகிரங்கம்) மேஜர் என்பார்கள். 24 வயதாகும் முன்பே அவருக்கு மூன்று மேஜர் பட்டங்கள். ஜோர்டன் ஸ்பீத் 2015இல் மாஸ்டர்ஸையும் அமெரிக்க பகிரங்கத்தையும், 2017இல் ரோயல் பர்க்டேலில் பிரித்தானிய பகிரங்கத்தையும் வென்று அதே வயதுக்குள் அதே எண்ணிக்கையை எட்டினார். நிக்லஸ் 46 வயதில் தன் 18ஆவது மேஜரை வென்றார். ஸ்பீத்துக்கு 2025 முடியும் வரை நான்காவது கிடைக்கவில்லை.

இந்த வேறுபாடு அப்போதே தெரிந்ததா? வெல்லாத போட்டிகளையும் கணக்கில் எடுத்திருந்தால் தெரிந்திருக்கும். 1962 முதல் 1964 வரையான 12 மேஜர்களில் நிக்லஸ் 8 முறை முதல் பத்து இடங்களுக்குள் வந்தார். ஆண்டுவாரியாகப் பார்த்தால் 2, 3, 3. இடையில் 1963 அமெரிக்க பகிரங்கத்துக்கு நடப்புச் சம்பியனாகப் போய், முதல் இரு சுற்றுகளின் எண்ணிக்கை போதாமல் இரண்டாம் நாளோடு வெளியேறினார். அப்படியொரு சறுக்கல் வந்தும் வரிசை குலையவில்லை. ஸ்பீத் 2015 முதல் 2017 வரையான 12 மேஜர்களில் 6 முறை முதல் பத்துக்குள் வந்தார். குறைவென்று சொல்ல முடியாத எண்ணிக்கைதான். ஆனால் அந்த ஆறும் எங்கே விழுந்தன என்று பாருங்கள். 2015இன் நான்கு மேஜர்களிலும் வந்தார், 2016 மாஸ்டர்ஸிலும் வந்தார், ஐந்துக்கு ஐந்து. அதன் பின்னர் வந்த ஏழில் ஒன்றே ஒன்று. அந்த ஒன்று பர்க்டேல் வெற்றியாக அமைந்ததால், மற்ற ஆறையும் யாரும் கவனிக்கவில்லை. சரிவை வெற்றியே மறைத்துவிட்டது.

ஆகவே முதலில் கேட்க வேண்டியது இதுதான்: வெல்லாத வாரங்களில் அவர் எங்கே நிற்கிறார்? நிக்லஸ் மேஜர்களில் 19 முறை இரண்டாம் இடம் பெற்றவர், 73 முறை முதல் பத்துக்குள் வந்தவர். 18 என்ற எண்ணுக்குப் பின்னால் நிற்பது இந்த 73தான். மூன்று பருவங்களின் 12 மேஜர்களில் குறைந்தது ஐந்திலாவது முதல் பத்துக்குள் வராதவரை, அதுவும் ஆண்டுக்கு ஆண்டு பரவலாக வராதவரை, ‘மகத்தானவர்’ என்ற சொல்லை நான் எழுத மாட்டேன்.

அடுத்து, அடிகள் (ஸ்ட்ரோக்) எங்கே மிச்சமாகின்றன என்று பார்க்க வேண்டும். கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் புரோடி உருவாக்கிய அளவுமுறை இதற்குப் பயன்படும். ஒவ்வோர் இடத்திலிருந்தும் குழியில் பந்தைப் போட்டு முடிக்கத் தொழில்முறை வீரர்களுக்குச் சராசரியாக எத்தனை அடி தேவை என்பதே இதன் அடிப்படை. குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையான கிரீனில் பந்தைக் குழியை நோக்கி உருட்டுவதுதான் புட். எட்டடித் தூரத்திலிருந்து புட் செய்தால் சராசரி 1.5. ஒரே புட்டில் போட்டால் அரை ஸ்ட்ரோக் இலாபம், இரண்டு எடுத்தால் அரை ஸ்ட்ரோக் நட்டம். 33 அடித் தூரத்திலிருந்து சராசரி 2. அங்கிருந்து இரண்டு புட்டில் முடித்தால் இலாபமும் இல்லை, நட்டமும் இல்லை. இந்தக் கணக்கின்படி முன்னணி வீரர்கள் மற்றவர்களை விட முன்னே நிற்பதற்கு ஏறத்தாழ 40 வீதம் காரணம் கிரீனை நோக்கி அடிக்கும் அணுகு அடிகள். தொடக்க அடியைத் தூரமாக அடிக்கும் மட்டையான டிரைவருக்கு 28 வீதம், கிரீனைச் சுற்றிய சிற்றடிகளுக்கு 17 வீதம், புட்டிங்குக்கு வெறும் 15 வீதம்.

தொலைக்காட்சியில் நம் கண்ணில் அதிகம் படுவது புட்டிங். வாரத்துக்கு வாரம் அதிகம் ஏறி இறங்குவதும் அதுவே. 20, 30 அடிப் புட்கள் நான்கு நாட்கள் உள்ளே போனால் யாரும் ஒரு கிண்ணத்தைத் தூக்கலாம். ஸ்பீத் 2016இல் புட்டிங் பட்டியலின் முன்வரிசையில் இருந்தார். 2018இல் நூறாவது இடத்துக்கும் கீழே போனார். எனவே இளம் சம்பியன் ஒருவரைப் பார்க்கும்போது 150 முதல் 175 யார் வரையான அயன் (இரும்புத் தலை மட்டை) அடிகளைக் கவனியுங்கள். அந்தத் தூரத்திலிருந்து சராசரித் தொழில்முறை வீரரின் பந்து குழியிலிருந்து ஏறத்தாழ 28 அடியில் நிற்கும். புட்கள் விழாத ஒரு வாரத்திலும் ஒருவர் 20, 22 அடிக்குள் நிறுத்திக்கொண்டேயிருந்தால், அவரைப் பற்றி நம்பிக்கையோடு பேசலாம்.

காற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சீனக்குடா விமானப்படைத் தளத்து மைதானத்தில் ஆடுபவர்களுக்கு, மே மாதம் கச்சான் காற்று தொடங்கியதும் பந்து என்ன பாடுபடும் என்று சொல்லித்தர வேண்டியதில்லை. எதிர்காற்றில் பலமாக அடித்தால் பின்சுழற்சி கூடும், பந்து மேலெழும்பி இலக்குக்கு முன்னாலேயே விழும். செய்ய வேண்டியது நேர்மாறானது: ஒன்றிரண்டு இலக்கம் நீளமான அயனை எடுத்து, பந்தைக் கால்களுக்கிடையே ஓர் அங்குலம் பின்னுக்கு வைத்து, முக்கால் வீச்சில் அடித்து, கைகளை மார்பளவில் நிறுத்த வேண்டும். பிரித்தானிய பகிரங்கம் ஜூலையில் கடலோர மணல்மேட்டுத் தரைகளில் நடப்பதால் இந்த அடி இல்லாதவருக்கு அங்கே வேலையில்லை. அமெரிக்க பகிரங்கத்தில் பெயார்வே (கிரீன் வரையான வெட்டிய புல்பாதை) ஒடுங்கியிருக்கும், ரஃப் (அதன் இருபுறமும் வளர்ந்த புல்) அடர்ந்திருக்கும். மாஸ்டர்ஸில் கிரீனின் எந்தப் பக்கத்தில் பந்து நிற்கிறது என்பதே எல்லாம். கிரிக்கெட்டில் சொந்த மண்ணில் குவித்த ஓட்டங்களை மட்டும் வைத்து ஒரு துடுப்பாட்ட வீரரை அளக்க மாட்டோம் அல்லவா? ஒரே வகைத் தரையில் வந்த மூன்று வெற்றிகளை விட, நான்கு வகைத் தரையிலும் வந்த நான்கு ஐந்தாமிடங்கள் எனக்குப் பெரிதாகத் தெரிகின்றன.

உடலைப் பற்றி உங்கள் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. வூட்ஸ் 2008 அமெரிக்க பகிரங்கத்தை இடது காலில் எலும்பு வெடிப்புகளோடு 91 குழிகள் ஆடி வென்றார். உடனே முழங்கால் சத்திரசிகிச்சை. 2014இல் முதுகில் முதல் சத்திரசிகிச்சை, 2017இல் முள்ளந்தண்டு எலும்புகளை இணைக்கும் சிகிச்சை. 32 வயதுக்குள் 14 மேஜர் வென்றவருக்கு 15ஆவது 43 வயதில்தான் கிடைத்தது. நிக்லஸோ 30 வயதை அடைந்தபோது 7 மட்டுமே வைத்திருந்தார். மீதி 11 அதன் பின்னர் வந்தவை. பந்தை மிகத் தூரம் அடிக்கும் இன்றைய இளைஞர்களின் வீச்சு வேகம் முன்முழங்காலிலும் இடுப்பு முதுகிலும் இறங்குகிறது. போட்டியிலிருந்து இடையில் விலகினார் என்ற சிறு செய்தியைக் கிண்ணச் செய்திக்கு நிகராக எடுத்துக்கொள்ளுங்கள்.

வீச்சை மாற்றும் காலம் வந்தால் அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லவும் கூடாது. வூட்ஸ் 1997 மாஸ்டர்ஸை 12 ஸ்ட்ரோக் வித்தியாசத்தில் வென்ற பிறகு தன் வீச்சைப் பிரித்துக் கட்டினார். அடுத்த மேஜர் 1999 ஓகஸ்டில்தான். ஆனால் 1998இல் தொடங்கி 2005 வரை தொடர்ந்து 142 போட்டிகளில் அவர் பாதியில் வெளியேற்றப்படவில்லை. மேல்தளத்தைக் கழற்றும்போதும் அத்திவாரம் அசையவில்லை. பெண்கள் கோல்பில் லிடியா கோ 17 வயதில் உலகின் முதலிடத்துக்கு வந்து, 2016க்குள் இரு மேஜர்களை வென்று, பின்னர் பயிற்சியாளர், மட்டைகள், கெடி (மட்டைப்பை சுமக்கும் உதவியாளர்) என்று எல்லாவற்றையும் கிட்டத்தட்ட ஒரே காலத்தில் மாற்றினார். எந்த மாற்றம் எதைக் கெடுத்தது என்று பிரித்தறிய வழியில்லாமல் போனது. மூன்றாவது மேஜர் 2024இல் சென் அன்ட்ரூஸில் வந்தது. அதே மாதம் ஒலிம்பிக் தங்கமும். ரோரி மெக்கில்ரோய் 25 வயதில் நான்கு மேஜர் வைத்திருந்து, ஐந்தாவதுக்காக 2025 மாஸ்டர்ஸ் வரை ஏறத்தாழ 11 ஆண்டுகள் காத்திருந்தார்.

ஒரு வேண்டுகோள். மாஸ்டர்ஸின் இறுதிச் சுற்று நம் நேரப்படி திங்கள் அதிகாலை நாலரை மணியளவில்தான் முடிகிறது. திங்கள் பத்திரிகையில் முடிவு வர வழியில்லை. செவ்வாயன்று வெற்றியாளரின் படத்தோடு நிறுத்திவிடாமல், முதல் இருபது பேரின் நான்கு சுற்று எண்ணிக்கைகளையும் சிறிய எழுத்திலாவது போடுங்கள். நீங்கள் புகழ்ந்த அந்த இளைஞரின் பெயர் அதில் 14ஆவது வரியில் இருந்தாலும் போடுங்கள்.

இப்படிக்கு,
கோல்ப் வாசகர்,
திருகோணமலை