பழைய கிற்றாருக்கு வாணிஸ் பூச முன்னர்

ஆசிரியருக்கு,

பழைய வீடு இடிக்கும்போதும், வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் வந்து வீட்டை ஒதுக்கும்போதும் பரணிலிருந்து கிற்றார்கள் வெளியே வருகின்றன. பிறகு நடப்பது இரண்டில் ஒன்று. உள்ளே ஒட்டியிருக்கும் லேபிளைச் சுரண்டி எறிந்துவிட்டு மினுமினுக்க வாணிஸ் அடிக்கிறார்கள், இல்லாவிட்டால் 'வெள்ளைக்காரன் காலத்துச் சாமான்' என்று சொல்லி யாராவது பொடியனின் தலையில் கட்டிவிடுகிறார்கள். பார்க்க வயிறு எரிகிறது.

அந்த லேபிள்தான் கிற்றாரின் பிறப்புச் சான்றிதழ். ரோச் அடித்து நடுத்துளைக்குள் பாருங்கள். அண்மையில் பாஷையூரில் ஒரு கிற்றாரை 1940களில் வாங்கியது என்று சொல்லி விலை பேசினார்கள்; உள்ளே பார்த்தால் சிவப்பு லேபிளில் நிப்பொன் கக்கி (Nippon Gakki) என்று தெளிவாக இருக்கிறது. அது யமஹாவின் பழைய கம்பனிப் பெயர், 1987இல்தான் மாற்றினார்கள், இந்தச் சிவப்பு லேபிள் ஒட்டி வந்த எஃப்ஜி (FG) என்ற கிற்றார் வரிசை தொடங்கியதே 1966இல். ஆனாலும் அருமையான கிற்றார் அது, சிவப்பு லேபிளைத் தேடி வாங்குகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள், பொய் வயது சொல்லத் தேவையே இல்லை.

'மேற்கு ஜெர்மனி' என்று குத்தியிருந்தால் 1949க்கும் 1990க்கும் இடைப்பட்டது. மார்ட்டின் என்ற அமெரிக்கக் கம்பனியின் கிற்றார் என்றால், கழுத்து உடலோடு சேருமிடத்தில் உள்ளே இருக்கும் மரக்கட்டையைப் பாருங்கள். 1898இல் 8000இலிருந்து தொடங்கி வரிசையாகப் போகும் எண் அதில் இருக்கும், ஆண்டைப் பிடிப்பது சுகம். இன்னொரு அமெரிக்கக் கம்பனியான கிப்சன்தான் தலையிடி. 60களில் ஒரே எண்ணை வெவ்வேறு கிற்றார்களுக்குப் போட்டிருக்கிறார்கள், ஆகவே எண்ணை மட்டும் நம்ப முடியாது. 1977இல் வந்த எட்டு இலக்க முறையில் முதலாம் இலக்கத்தையும் ஐந்தாம் இலக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கம் வரும். அப்புறம், கொல்கத்தாக் கம்பனியான கிவ்சனின் (Givson) கிற்றாரைக் கிப்சன் (Gibson) என்று விற்க வருவார்கள், எழுத்தைக் கவனமாக வாசியுங்கள்.

நடுத்துளையின் விளிம்பையும் பாருங்கள். மேலே தெரியும் மரக்கோடு விளிம்பின் தடிப்பு முழுக்க இறங்கினால் முழுப்பலகை, அடுக்கடுக்காகத் தெரிந்தால் பிளைவுட்.

தேவாலயப் பாடகர் குழுக்களிலும் பள்ளிக்கூடங்களிலும் பழைய கிற்றார் வைத்திருப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன்: திருத்தக் கொடுக்க முன்னர் லேபிளையும் எண்ணையும் படம் எடுத்து வையுங்கள், தச்சரிடம் உட்புறத்தைத் தொட வேண்டாம் என்று சொல்லுங்கள். கம்பி முறுக்கும் கீ மாற்றினால் பழைய கீக்களை எறியாமல் ஒரு பையில் போட்டுக் கிற்றாரோடேயே வையுங்கள், வயது பார்க்கத் தெரிந்தவர்கள் அதையும்தான் கேட்பார்கள்.

வாசகர் ஒருவர்,
கொழும்புத்துறை, யாழ்ப்பாணம்.