திகதி எழுதுவதற்கு முன்

கொழும்பில் மகப்பேற்று கிளினிக்குகளை நடத்தும் டொக்டர்மாருக்கு,

வணக்கம். என் மூத்த மகள் வயிற்றில் இருந்தபோது, 36ஆம் கிழமை ஸ்கேனில் அவளுடைய தலை மேலேயே இருந்தது. "பிள்ளை திரும்பவில்லை, சிசேரியன்தான்" என்ற டொக்டர் கொப்பியில் ஒரு திகதியை எழுதினார். அடுத்த தாயைக் கூப்பிட்டார்கள். வெளியே வாங்கில் உட்கார்ந்து கணவருக்கு போன் எடுத்து அந்தத் திகதியைச் சொன்னேன். என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை என்பது அப்போது உறைக்கவே இல்லை.

இரண்டு வருடம் கழித்துத் தங்கச்சிக்கும் அதே நிலை. அவள் போனது வேறோர் ஆஸ்பத்திரிக்கு. அங்கே டொக்டர் முதலில் கேட்டது, "வெளியிலிருந்து கையால் திருப்பிப் பார்ப்போமா?" என்றுதான். அப்படி ஒன்று இருப்பதே எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. ஸ்கேனில் பிள்ளை கிடக்கும் விதத்தையும் நச்சுக்கொடி இருக்கும் இடத்தையும் பார்த்தார்கள். பிள்ளையின் இதயத் துடிப்பைப் பதிவெடுத்தார்கள். கர்ப்பப்பை இளக ஒரு ஊசி. அதைப் போட்டதும் நெஞ்சு படபடவென்று அடித்ததாகத் தங்கச்சி இன்றும் சொல்வாள். பிறகு டொக்டர் பிள்ளையின் பின்பக்கத்தை இடுப்பெலும்பிலிருந்து மெல்லத் தூக்கி, மறு கையால் தலையைத் தள்ளிக் கொடுத்து, குட்டிக்கரணம் போடுவதுபோல் திருப்பினார். சில நிமிட வேலை. நோவு இருந்தது. "போதும் என்று சொன்னால் உடனே நிறுத்துவேன்" என்று அவர் முன்பே சொல்லியிருந்ததால் தாங்கிக்கொண்டாள். மறுபடி துடிப்பைப் பார்த்துவிட்டு அன்றே வீட்டுக்கு அனுப்பினார்கள். மூன்று கிழமையில் நோர்மல் பிரசவம்.

எல்லோருக்கும் இப்படி அமையாது, அது எனக்குத் தெரியும். நிறைமாதத்தில் 100 பிள்ளைகளில் 3, 4 பேர் தலை மேலாக இருக்கிறார்கள். திருப்பிப் பார்த்தால் ஏறக்குறைய பாதிப் பேர் திரும்புகிறார்கள். முதல் பிரசவத்தில் கொஞ்சம் குறைவு, அடுத்ததில் கொஞ்சம் அதிகம். என் சிநேகிதி ஒருத்திக்குத் திரும்பவே இல்லை, சிசேரியன்தான் செய்தார்கள். ஆனால் அவளுக்கு மனத்தாங்கல் இல்லை, முயன்று பார்த்தாயிற்று.

ஆபத்தையும் மறைக்க வேண்டாம். ஏறத்தாழ 200 பேரில் ஒருவருக்கு உடனடியாக சிசேரியன் செய்ய வேண்டி வரும். அதனால்தான் ஒப்பரேஷன் தியேட்டர் பக்கத்தில் இருக்கும் ஆஸ்பத்திரியில்தான் இதைச் செய்ய வேண்டும். வீட்டில் எண்ணெய் தடவித் திருப்ப யாரையும் விடக்கூடாது என்பதையும் நீங்களே சொன்னால் எங்கள் அம்மாமார் கேட்பார்கள். நச்சுக்கொடி கீழே இருந்தால், பன்னீர்க்குடம் உடைந்திருந்தால், அண்மையில் இரத்தம் போயிருந்தால், இரட்டைப் பிள்ளைகள் என்றால் சரிவராது. சரி, அதையும் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

2000ஆம் ஆண்டில் பல நாடுகளில் நடந்த பெரிய ஆய்வு ஒன்று, தலை மேலாக இருக்கும் பிள்ளையை நோர்மலாகப் பெறுவதைவிடத் திட்டமிட்ட சிசேரியன் பிள்ளைக்குப் பாதுகாப்பு என்றது. அதன்பிறகு உலகெங்கும் கத்தி முந்திக்கொண்டது. ஆனால் அந்த ஆய்வு ஒப்பிட்டது திரும்பாத பிள்ளையைப் பெறும் இரண்டு வழிகளை மட்டுமே. திருப்பிப் பார்க்காதீர்கள் என்று அது சொல்லவில்லை.

சிசேரியனைக் குறை சொல்ல நான் எழுதவில்லை. என் மகளைப் பத்திரமாகக் கையில் தந்தது அதுதான். ஆனால் அந்தத் தழும்பு அடுத்த பிள்ளைக்கும் கூடவே வந்தது. தழும்பில் நச்சுக்கொடி ஒட்டி வளரலாம், வலியின்போது தழும்பு விடலாம் என்று இரண்டாம் முறை கிளினிக்கில் சொன்னார்கள். முதல் தடவையே ஏன் சொல்லவில்லை என்று அன்று இரவெல்லாம் யோசித்தேன். கடைசியில் இரண்டாவதும் சிசேரியன்.

36ஆம் கிழமையில் தலை மேலே என்று கண்டால், திகதி எழுதுவதற்கு முன் அந்தத் தாயிடம் இதைச் சொல்லுங்கள். தமிழில் சொல்லுங்கள், உங்களுக்குத் தமிழ் வராவிட்டால் தெரிந்த ஒரு நர்ஸைக் கூப்பிட்டுச் சொல்லச் செய்யுங்கள். கொட்டாஞ்சேனையிலிருந்தும் வெள்ளவத்தையிலிருந்தும் வருகிற எத்தனையோ பெண்கள் பாதி புரிந்தும் புரியாமலும் தலையாட்டிவிட்டு எழும்பிப் போகிறார்கள். நீங்கள் செய்வதில்லை என்றால், செய்கிற டொக்டருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுங்கள். 36ஆம் கிழமையில் அதற்கு இன்னும் நேரம் இருக்கிறது.

இப்படிக்கு,
வெள்ளவத்தையிலிருந்து இரண்டு பிள்ளைகளின் தாய்