மங்கலாகத் தெரிந்த பற்று

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. கோபித்துக்கொள்ளாதே. மின்னணு போர்டுகளில் பாகங்களை ஒட்டும் எங்கள் லைனை ஈயமில்லாப் பற்றவைப்புக்கு (சால்டரிங்) மாற்ற ஒன்பது நாள் ஷட்டவுன் கொடுத்திருந்தார்கள். பத்தாம் நாள் வாடிக்கையாளரின் ஆள் வந்து முதல் போர்டைக் கையில் எடுத்துப் பார்ப்பதாக ஏற்பாடு. நேற்றுதான் மூச்சு விட்டேன்.

ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜூலையிலேயே மின்னணுப் பொருட்களில் ஈயத்துக்குக் கட்டுப்பாடு போட்டுவிட்டது. சில வகைகளுக்கு விலக்கு இருந்ததால் நாங்கள் பழைய வழியிலேயே ஓட்டிக்கொண்டிருந்தோம். இனி அது நடக்காது என்று வாடிக்கையாளர் சொல்லிவிட்டார்.

வெளியே இருப்பவர்களுக்கு இது பற்றவைக்கும் பேஸ்ட் டப்பாவை மாற்றுகிற வேலையாகத்தான் தெரியும். தகரமும் ஈயமும் சேர்ந்த பழைய கலவை 183 டிகிரியில் உருகிவிடும். தகரம், வெள்ளி, செம்பு சேர்ந்த புதியது 217-ல்தான் இளகவே தொடங்கும். நன்றாகப் பிடிக்க 235, 240 வரை போக வேண்டும். சில பெரிய பாகங்களோ 245-க்கு மேல் தாங்காது. கைகால் நீட்டிப் படுத்த இடத்தில் இனி ஒருக்களித்துத்தான் படுக்க வேண்டும். வெப்பம் அளக்கும் தெர்மோகப்பிள் ஒட்டி போர்டை ஓவனுக்குள் விட்டோம். ஓரத்துச் சின்னப் பாகம் 247 காட்டியது, நடுவில் இருந்த பெரிய கனெக்டர் 226-ஐத் தாண்டவில்லை. பெல்ட் வேகத்தைக் குறைத்து, முன்சூட்டை நீட்டி, இரண்டையும் பக்கத்தில் கொண்டுவருவதற்குள் மூன்று நாள் போய்விட்டது.

நாள் மிச்சமானது ஷட்டவுனுக்கு முன்னால் செய்த வேலையில்தான். இயந்திரம் ஓடும்போதே முடிக்கக்கூடியதை நிறுத்தியபின் தொடாதே என்று ஜப்பானியத் தொழில் பொறியாளர் ஷிகியோ ஷிங்கோ சொன்னதை நாம் சேர்ந்துதானே படித்தோம்? பேஸ்ட் தடவும் ஸ்டென்சில் தகடு, புது முனைகள், லேபிள் எல்லாம் முன்கூட்டியே தயார். ட்ரையலைக் குறைக்கச் சொல்லி மேலிருந்து நெருக்கினார்கள். அதற்கு மட்டும் நான் இணங்கவில்லை.

இவ்வளவு திட்டம் போட்டவன் பரிசோதனை மேசையை மறந்துவிட்டேன். எட்டாம் நாள் 40 போர்டு போனது. அந்த மேசையில் இருக்கும் அக்கா 31-ஐ ஒதுக்கி வைத்துவிட்டார். ஓடிப்போய்க் கேட்டேன். மைக்ரோஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமல், "பளபளன்னு இருந்தாத்தான் நல்ல பற்றுன்னு நீங்கதானே சார் இத்தனை வருஷமா சொன்னீங்க? இது எல்லாமே மங்கி இருக்கே" என்றார். அவர் சொன்னது முழுக்கச் சரி. புதிய கலவை ஆறும்போது மங்கலாகத்தான், கொஞ்சம் சொரசொரப்பாகத்தான் இறுகும். அதை அவரிடம் சொல்லியிருக்க வேண்டியவன் நான்.

உடனே வாடிக்கையாளரைப் போனில் கூப்பிட்டு இரண்டு நாள் கூடுதலாகக் கேட்டேன், கிடைத்தது. சில போர்டுகளை நறுக்கி, மெருகேற்றி, அக்காவோடும் மற்ற இருவரோடும் உட்கார்ந்தேன். பளபளப்பை விட்டுவிட்டு, விளிம்பு மெல்லிசாகப் படர்ந்திருக்கிறதா, பாகத்தின் உலோகக் காலின் பின்புறம் பற்று ஏறி நிற்கிறதா என்று பார்க்கப் பழகினோம். மறுநாள் ஒதுக்கியவற்றையெல்லாம் அக்கா திரும்பப் பார்த்து 29-ஐ விடுவித்தார். மீதி இரண்டில் அதே நடு கனெக்டரின் ஒரு காலில் பற்று படராமல் உருண்டு நின்றிருந்தது. என் கண்ணுக்கு அது பட்டிருக்காது. ஓவனை இன்னொரு முறை திருத்தினோம்.

அடுத்த மாதம் உங்கள் லைனும் மாறுகிறது என்று எழுதியிருந்தாய். கடைசி மேசையில் யார் இருக்கிறார்கள்? நறுக்கிய மாதிரிகளில் பழையது ஒன்றும் புதியது ஒன்றும் உனக்கென்று எடுத்து வைத்திருக்கிறேன். முகவரி மாறவில்லை என்றால் நாளைக்கே அனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் பழைய ஷிப்ட் தோழன்