அந்தக் கழித்தல் குறி

அன்பு மகளுக்கு,

மின்சாரமும் காந்தமும் நடந்துகொள்ளும் விதத்தை நான்கு வரிகளில் சொல்லும் மாக்ஸ்வெல் சமன்பாடுகளில் மின்புலத்தையும் காந்தப்புலத்தையும் இடம் மாற்றிப் பார்த்தாயாமே. எல்லாம் பொருந்துகிறது, ஒரு கழித்தல் குறி மட்டும் உறுத்துகிறது என்று எழுதியிருந்தாய். எனக்கு அந்த நான்கு வரிகளில் மிகவும் பிடித்ததே அந்தக் குறிதான்.

மின்னூட்டம் எதுவும் இல்லாத வெற்றிடத்தை எடுத்துக்கொள். மின்புலம் இருக்கும் இடத்தில் காந்தப்புலத்தை ஒளிவேகத்தால் பெருக்கிப் போடு. காந்தப்புலம் இருக்கும் இடத்தில் மின்புலத்தை ஒளிவேகத்தால் வகுத்து, கழித்தல் குறியோடு போடு. சமன்பாடுகள் மாறாமல் நிற்கும். சரி, இதையே இன்னொரு முறை செய். இரண்டு புலங்களும் எதிர்த்திசைக்குப் போய்விடும். நான்காவது முறைதான் பழையபடி ஆகும். அப்படியென்றால் இது வெறும் இடமாற்றமில்லை, 90 பாகைச் சுழற்சி. 30 பாகை, 17 பாகை என்று எவ்வளவு சுழற்றினாலும் சமன்பாடுகளும் புலங்களின் மொத்த ஆற்றலும் அப்படியே இருக்கும்.

சமன்பாட்டிலிருந்தே அந்தக் குறியை எடுத்துவிட்டால் என்ன ஆகும்? காகிதத்தில் போட்டுப் பார், கட்டாயம் போட்டுப் பார். ஒரு புலம் மாறும்போது மற்றது உண்டாவதைச் சொல்லும் இரண்டு வரியிலும் கூட்டல் குறியே இருந்தால் அலைச் சமன்பாடு வராது. சின்னச் சலனம்கூட நேரம் போகப் போகக் கட்டுக்கடங்காமல் பெருகும். நீ கேட்ட லென்ஸ் விதியின் எதிர்ப்பும் (தூண்டப்படும் மின்னோட்டம் தன்னை உண்டாக்கிய மாற்றத்தை எதிர்ப்பது), ஒளி அலையாக ஓடுவதும் இந்த ஒரே குறியிலிருந்து வருபவை. மாறும் காந்தப்புலம் மின்புலத்தை உண்டாக்கும் என்று 1831-இல் ஃபாரடே கண்டது ஒரு பாதி. மறுபாதியை, அதாவது மாறும் மின்புலமும் காந்தப்புலத்தை உண்டாக்கும் என்பதை, 1860-களில் மாக்ஸ்வெல் சேர்த்தார். நீ படிக்கும் நான்கு வரி வடிவம் ஹெவிசைடு பிற்பாடு சுருக்கித் தந்தது.

பொருள் உள்ளே வந்ததும் இந்தச் சமச்சீர் உடைகிறது. மின்னூட்டம் உண்டு, ஒற்றைக் காந்தமுனையை, அதாவது தென்முனை இல்லாத வடமுனையையோ வடமுனை இல்லாத தென்முனையையோ, யாரும் உறுதியாகக் கண்டதில்லை. 1982-இல் ஸ்டான்ஃபோர்டில் இயற்பியலாளர் கப்ரேராவின் மீக்கடத்திச் (மின்தடையே இல்லாத) சுருளில், ஒரு காந்தமுனை கடந்துபோனதுபோல ஒரே ஒரு சைகை வந்தது, அப்புறம் வரவேயில்லை. ஆனாலும் 1931-இல் இயற்பியலாளர் டிராக் காட்டியதை நான் விடமாட்டேன்: உலகில் எங்காவது ஒரு காந்தமுனை இருந்தால் போதும், மின்னூட்டம் ஏன் ஓர் அடிப்படை அளவின் முழு மடங்குகளாகவே வருகிறது என்பதற்குக் காரணம் கிடைத்துவிடும்.

இன்னொன்று. எல்லாத் துகளுக்கும் மின்னூட்டம், காந்த ஊட்டம் இரண்டும் ஒரே விகிதத்தில் இருந்தால், அதே சுழற்சியால் காந்த ஊட்டத்தைப் பூச்சியமாக்கிவிடலாம். அதனால் தேட வேண்டியது அந்த விகிதம் மாறுபடும் ஒரு துகளை. இதை நீயே நிறுவி எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அப்பா