பங்காளி ஆட்டத்துக்கு நாள் குறிப்பது

அன்பு மகள் யாழினிக்கு,

பல்கலைக்கழக விளையாட்டுத் துறையில் அட்டவணை போடும் வேலை கிடைத்ததையும், விட்டுப்போன பங்காளி ஆட்டத்தை, அதாவது பரம்பரைப் போட்டி அணியோடு மோதும் ஆட்டத்தை, மீட்பதுதான் முதல் கோப்பு என்பதையும் படித்தேன். எதிர்த்தரப்புக்கு போன் போடுமுன் கணக்கைப் பார்த்துவிடு கண்ணு.

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் பருவத்துக்கு 12 ஆட்டம். உங்கள் பிக் டென் ஒரு கான்ஃபரன்ஸ், அதாவது பல்கலைக்கழகங்கள் சேர்ந்த போட்டிக் குழு. 9 ஆட்டம் அந்தக் கான்ஃபரன்ஸுக்கே போய்விடும், மிச்சம் 3. பெரிய பல்கலைக்கழகங்கள் 7 ஆட்டமாவது சொந்த மைதானத்தில் வேண்டும் என்று நிற்கும். டிக்கெட், பார்க்கிங், நன்கொடையாளர் இருக்கை என்று காசு புரள்வது அங்கேதான். 9 ஒற்றைப்படை என்பதால் ஒரு வருஷம் 5 கான்ஃபரன்ஸ் ஆட்டம் உள்ளூரில் வரும், மறுவருஷம் 4 வரும். 4 வருகிற வருஷம் மிச்சம் 3-ம் உள்ளூரிலேயே நடந்தால்தான் 7 தேறும். ஆகவே பங்காளி ஊருக்கு நீங்கள் போகும் முறை 5 வருகிற வருஷத்தில்தான் விழ வேண்டும். அவர்களுக்கும் 9 ஆட்டக் கான்ஃபரன்ஸ் என்றால் அதே கணக்குதான். இரண்டு பேருக்கும் ஒரே வருஷம் 4 வந்தால், அந்த வருஷம் யாரும் ஊரை விட்டுக் கிளம்ப மாட்டார்கள். பேச்சு முறிவது பெரும்பாலும் இங்கேதான், பகையால் அல்ல.

அடுத்து தேதி. வாஷிங்டன், வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகங்கள் மோதும் ஆப்பிள் கப், நவம்பர் கடைசியில் நன்றி நவிலல் (தேங்க்ஸ்கிவிங்) வாரக் குளிரில் பருவத்தை முடித்துவைக்கும் ஆட்டமாக இருந்தது. இரண்டும் இருந்த பேக்-12 கான்ஃபரன்ஸ் சிதறியபின் 2024-இல் செப்டம்பர் 14, 2025-இல் செப்டம்பர் 20 என்று முன்னே வந்துவிட்டது. ஒப்பந்தம் 2028 வரை இருக்கிறது, நல்ல விஷயம்தான். ஆனால் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் வகுப்பு தொடங்குவதே செப்டம்பர் கடைசியில். மாணவர்கள் ஊருக்கு வந்து சேருமுன்னே பங்காளிச் சண்டை முடிந்துவிட்டால் அதற்கு ஏது காரம்? நவம்பர் கடைசிச் சனிக்கிழமையை ஒஹாயோ ஸ்டேட்டும் மிச்சிகனும் விட்டுக்கொடுக்காமல் பிடித்திருப்பதைப் பார். நவம்பர் முழுக்கக் கான்ஃபரன்ஸ் கையில் என்பதால் உனக்கு அந்த நாள் கிடைக்காது. கிடைக்கிற செப்டம்பர் வாரத்தையாவது வருஷா வருஷம் மாற்றாமல் எழுதி வாங்கு.

பிக் டென் 12 ஜோடிகளுக்கு ஆண்டுதோறும் ஆட்டம் உறுதி என்று காப்பு கொடுத்திருக்கிறது. ஓரெகன்–வாஷிங்டன் அதில் உண்டு. ஓரெகனிலிருந்து நாற்பது மைல் சொச்சத்தில் இருக்கும் ஓரெகன் ஸ்டேட் வேறு கான்ஃபரன்ஸ், அதோடு ஆடும் ஆட்டத்துக்குக் காப்பு இல்லை. விளைவு, 1945 முதல் விடாமல் நடந்த ஓரெகன்–ஓரெகன் ஸ்டேட் ஆட்டம் 2026 அட்டவணையில் இல்லை. அந்தப் பங்காளிகளுக்கு ஒரு கோப்பை உண்டு. மரத்தில் செதுக்கிய பிளாட்டிபஸ் விலங்கு: ஓரெகன் அணியின் சின்னமான வாத்துக்காக அலகு, ஓரெகன் ஸ்டேட்டின் சின்னமான பீவருக்காக வால். 1960-களில் காணாமல் போய் 2000-களில்தான் கண்ணில் பட்டது. கோப்பை தொலைந்த காலத்திலும் ஆட்டம் நிற்கவில்லை, இப்போது கோப்பை பத்திரமாக இருக்கிறது!

ஒப்பந்தத்தில் இரண்டு வருஷம் 'நீ ஒருமுறை வா, நான் ஒருமுறை வருகிறேன்' என்பதோடு நிறுத்தாதே; குறைந்தது ஆறு வருஷம் கேள். ரத்துத் தொகை சின்னதாக இருந்தால், பணக்காரத் தரப்பு அதைக் கட்டிவிட்டு அந்த வாரம் ஒரு சின்ன அணியைக் கூப்பிட்டு உள்ளூரில் ஆடிக்கொள்ளும். ஆகவே ஓர் உள்ளூர் ஆட்டத்தின் வருமானத்துக்குக் குறையாமல் வை. கான்ஃபரன்ஸ் மாறினால் ஒப்பந்தம் தானாக ரத்து என்று ஒரு வரி இருந்தால் அடித்துவிடச் சொல். ஒளிபரப்பு உரிமை யார் ஊரில் ஆட்டமோ அவர்கள் கான்ஃபரன்ஸுக்கு. ஆட்ட நேரத்தை டி.வி.க்காரர்தான் முடிவு செய்வார், அதில் மல்லுக்கட்டாதே.

மேலிடத்தில் 'கொஞ்ச வருஷம் போகட்டும்' என்பார்கள். டெக்சாஸும் டெக்சாஸ் ஏ அண்ட் எம்மும் 2011-இல் ஆடியபின் 12 பருவம் மோதவில்லை. படிப்பு நாலு வருஷம் என்றால் மூன்று செட் மாணவர்கள் அந்த ஆட்டத்தைப் பார்க்காமலே பட்டம் வாங்கிப் போனார்கள். ஏ அண்ட் எம் இருக்கும் எஸ்.இ.சி. கான்ஃபரன்ஸுக்கே டெக்சாஸும் வந்ததால்தான் 2024 நவம்பர் 30 அன்று மறுபடி ஆட முடிந்தது. உன் கோப்புக்கு அப்படி அதிர்ஷ்டம் அடிக்கும் என்று காத்திருக்க முடியாது.

வரைவு கைக்கு வந்ததும் ரத்துப் பத்தியை முதலில் படி. புரியாத வரியைப் போட்டோ எடுத்து அனுப்பு.

அன்புடன்,
அப்பா