கதவைத் தட்டியவர்

ஆசிரியருக்கு வணக்கம்.

போர் எதிர்ப்பு ஊர்வலங்கள் பற்றிச் சென்ற ஞாயிறு வெளிவந்த கட்டுரையை இரண்டு தரம் வாசித்தேன். அவற்றுக்குப் போகிறவர்கள் கட்சிக்காரர், இல்லாவிட்டால் பொழுதுபோகாதவர் என்கிறார் கட்டுரையாளர். 2003 பெப்ரவரி 15 அன்று, ஈராக் போருக்கு எதிராக லண்டனில் நடந்தவர்களில் நானும் ஒருத்தி. மனம் கேட்காமல் இதை எழுதுகிறேன்.

நான் எந்தக் கட்சியிலும் இல்லை. என்னைக் கூட்டிப்போனவர் ஈஸ்ட் ஹாமில் பக்கத்து வீட்டில் இருந்த வெள்ளைக்கார அம்மா. 1940 செப்டம்பர் 7ஆம் திகதி ஜெர்மன் விமானங்கள் லண்டன் துறைமுகப் பக்கம் குண்டுமாரி பொழிந்தபோது அவருக்கு ஏழு வயது. மாடிப்படிக்குக் கீழே தாயோடு ஒடுங்கிக் கிடந்தவர். "சனிக்கிழமை வேலை இல்லாட்டி என்னோட வாறியா?" என்று கதவைத் தட்டிக் கேட்டார். அவர் கேட்டிராவிட்டால் நான் வீட்டிலேதான் இருந்திருப்பேன்.

எம்பாங்க்மென்ட்டிலிருந்து ஹைட் பார்க் வரை, குளிருக்குள், ஊர்ந்து ஊர்ந்துதான் போனோம். பொலிஸ் சொன்ன கணக்கே ஏழரை இலட்சம். பக்கத்தில் வந்தவர்களிடம் பேச்சுக் கொடுத்தேன். ஒருவரை மனைவி கூட்டிவந்திருந்தார். ஒரு தாயின் மகன் பட்டாளத்தில் இருந்தான். அநேகம் பேருக்கு அதுதான் முதல் ஊர்வலம்.

எனக்கோ, தொலைக்காட்சியில் பாக்தாத்தைக் காட்டும்போதெல்லாம் எங்கள் வளவுக்குள் பனங்குற்றி அடுக்கி, மண்மூட்டை போட்டு மூடிய பங்கர், அந்தப் பதுங்குகுழிதான் கண்ணுக்குள் வரும். 1995 ஜூலையில் யாழ்ப்பாணத்து நவாலி தேவாலயத்தில் தஞ்சம் புகுந்திருந்த சனத்தின் மேல் குண்டு விழுந்தது. அதே வருடம் ஒக்டோபர் 30 இரவு, மழைக்குள், யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறிய சனத்தோடு, அம்மாவின் கையை இறுகப் பிடித்தபடி நாவற்குழிப் பாலத்தைக் கடந்தேன். குண்டுபோட வரும் விமானம் புக்காராவா சகடையா என்று சின்னப்பிள்ளைகளே சத்தத்தை வைத்துச் சொல்லும் ஊர் எங்களுடையது. பாக்தாத்துப் பிள்ளை ஏன் காதைப் பொத்துகிறது என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

போர் நிற்கவில்லை. மார்ச் 18இல் பாராளுமன்றம் 412க்கு 149 என்று போருக்குச் சம்மதித்தது. இரண்டு நாளில் குண்டு விழத் தொடங்கியது. அன்று அந்த அம்மா எங்கள் குசினியில் வந்து, ஒன்றும் பேசாமல் வெகுநேரம் இருந்தார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த ஊர்வலத்தில் எங்கள் தமிழ் ஆட்களின் முகங்களைத் தேடினேன். என் கண்ணில் பட்டவர்கள் ஐந்தாறு பேர்தான். 2009 ஏப்ரலில் வன்னியில் சனம் செத்துக்கொண்டிருக்க, நாங்கள் பாராளுமன்றச் சதுக்கத்தில் இருந்து, ஒருவரும் எட்டிப் பார்க்கிறார்களில்லையே என்று அழுதோம். அந்த அழுகை நியாயமானது. ஆனாலும் 2003இல் நாங்கள் எத்தனை பேர் போனோம் என்ற கேள்வி இன்றைக்கும் என்னை விட்டுப் போகவில்லை.

அந்தச் சதுக்கத்துக்கும் அவர் வந்தார். 76 வயதில், பொல்லை ஊன்றியபடி, ஒரு பிளாஸ்க் தேத்தண்ணியோடு. நீங்கள் ஏன் வந்தீர்கள் என்று எங்கள் பெடியன் ஒருவன் கேட்டான். என்னைக் காட்டி, "அண்டைக்கு இவ என்னோட நடந்தவ" என்றார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஈஸ்ட் ஹாம், லண்டன்.